தென்காசிக்கு இந்த வாரம் மழை உண்டா? மேகம் பிறக்கும் விதமும் வானிலை அறிக்கையைப் படிக்கும் விதமும்

"தென்காசி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்." ஜூன், ஜூலை மாதங்களில் இந்த வரி அடிக்கடி கண்ணில் படும். அதே நாளில் செங்கோட்டையில் குடையை மடக்க முடியாது. குற்றாலத்தில் அருவி கொட்டும். தென்காசி பஸ் ஸ்டாண்டில் வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். சங்கரன்கோவிலில் புழுதி பறக்கும். நான்கும் ஒரே மாவட்டம்.

அறிக்கையில் தப்பு ஒன்றும் இல்லை. அது ஒரு பெரிய பரப்புக்குச் சொன்ன செய்தி. அதை நம் ஊருக்கு ஏற்றபடி பிரித்துப் படிக்கிற வேலை நம்முடையது. மேகம் எந்த உயரத்தில், எதனால் உண்டாகிறது என்று தெரிந்துவிட்டால் அந்த வேலை பாதி முடிந்த மாதிரி. முதலில் மேகம், பிறகு அறிக்கை.

காற்றில் இருக்கும் தண்ணீர்

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் எப்போதும் நீராவி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு இருக்க முடியும் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அந்த வரம்பு வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் இடத்தில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கலாம். 20 டிகிரியில் 17 கிராம். 10 டிகிரியில் 9 கிராம்தான். ஆக, ஈரக்காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் ஏதோ ஒரு கட்டத்தில் வரம்பு எட்டிவிடும். அதற்கு மேலும் குளிர்ந்தால் மிஞ்சிய நீராவி தண்ணீராகியே தீர வேண்டும். ஐஸ் போட்ட எவர்சில்வர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது இதனால்தான். அந்த வியர்வை தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிப்புள்ளி என்று பெயர்.

செய்தியில் வரும் "ஈரப்பதம் 90 சதவீதம்" என்ற எண் பலரைக் குழப்பிவிடுகிறது. பனிப்புள்ளி 23 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு வெப்பநிலை 24 என்றால் ஈரப்பதம் 94 சதவீதம் காட்டும். மதியம் 34 டிகிரி ஆனதும் அதே காற்று, அதே அளவு நீராவி, 53 சதவீதம்தான் காட்டும். தண்ணீர் குறையவில்லை, வரம்புதான் உயர்ந்திருக்கிறது. அதனால் காலையில் 90 சதவீதம் என்பதைப் பார்த்து மழை வரும் என்று முடிவு கட்டக்கூடாது. பார்க்க வேண்டியது பனிப்புள்ளி. இப்போது பல செல்போன் செயலிகளில் அது தனியாகவே கிடைக்கிறது.

மேலே போகும் காற்று ஏன் குளிர்கிறது

"மேலே குளிராக இருக்கிறது, அதனால் மேலே போகும் காற்றும் குளிர்கிறது" என்று பலரும் நினைப்பதுண்டு. நடப்பது வேறு. உயரே போகப் போகச் சுற்றிலும் அழுத்தம் குறைகிறது, அதனால் காற்று விரிகிறது, விரிவதற்குத் தன் சொந்த வெப்பத்தைச் செலவழிக்கிறது, குளிர்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைக் கவனித்திருப்பீர்கள். அது அமுக்குவதால் வரும் சூடு. இங்கே நடப்பது அதன் தலைகீழ்.

மேகம் உண்டாகும் வரை, ஒவ்வொரு கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் காற்று ஏறக்குறைய 10 டிகிரி குளிர்கிறது. பனிப்புள்ளியும் இறங்கும், ஆனால் கிலோமீட்டருக்கு 2 டிகிரிக்கும் சற்றுக் குறைவாகத்தான். இரண்டும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே மேகத்தின் அடித்தட்டு. இதிலிருந்து வரும் கணக்கு மிக எளிது: தரையில் உள்ள வெப்பநிலையிலிருந்து பனிப்புள்ளியைக் கழியுங்கள்; வருவதை 125ஆல் பெருக்குங்கள். கிடைப்பது மேக அடித்தட்டின் உயரம், மீட்டரில். 34 டிகிரி வெயில், பனிப்புள்ளி 22 என்றால் 12 × 125 = 1500 மீட்டர். வெயில் நாளில் கீழிருந்து சூடாகி எழும் மேகங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். அன்றைக்கு வானத்தைப் பாருங்கள்: பஞ்சுப்பொதிகளின் மேற்புறம் ஏறியும் இறங்கியும் கிடக்கும், அடிப்புறமோ ரசமட்டம் வைத்த மாதிரி ஒரே கோட்டில் இருக்கும். அந்தக் கோடுதான் இந்தக் கணக்கு சொல்லும் உயரம்.

இதை வீட்டிலேயே ஒரு பாட்டிலில் செய்து பார்க்கலாம். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று, மூடியோடு. உள்ளே இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, புகையோடு பாட்டிலின் வாய்க்குள் இரண்டு நொடி பிடித்து, எடுத்துவிட்டு, மூடியை இறுக்குங்கள். இரு கையாலும் பாட்டிலை அழுத்தி ஐந்து நொடி பிடித்து, சட்டென்று விடுங்கள். உள்ளே வெண்மையாக மூட்டம் எழும். மறுபடி அழுத்தினால் மறையும். சன்னலுக்கு எதிராகவோ கறுப்புத் துணிக்கு முன்னாலோ பிடித்தால் தெளிவாகத் தெரியும்.

வரவில்லை என்றால் பெரும்பாலும் மூடி கசிகிறது, அல்லது கையை மெதுவாக விட்டிருக்கிறீர்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கிப்போகும். உள்சுவரெல்லாம் வேர்த்து எதுவும் தெரியாது. புகை விடாமலும் ஒருமுறை செய்து பாருங்கள். மூட்டம் மிக லேசாகத்தான் வரும், சில சமயம் வராமலே போகும். காரணம், நீராவி தானாகத் துளியாவது மிகவும் கடினம்; உட்கார ஒரு துகள் வேண்டும். வானத்தில் அந்த வேலையைக் கடல் உப்பும் மண் தூசியும் புகையும் செய்கின்றன.

இப்படி உண்டாகும் மேகத்துளி ஒன்றின் விட்டம் சுமார் 0.02 மில்லிமீட்டர். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் கீழே இறங்கும். லேசான மேல்நோக்கிய காற்றே அதைத் தாங்கிவிடும். மேகம் "மிதப்பது" இதனால்தான். 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாகப் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். மேகம் இருந்தும் மழை பெய்யாத நாட்களுக்கு விளக்கம் இதிலேயே இருக்கிறது. மேகம் உண்டாவது ஒரு படி. துளிகள் மோதிச் சேர்ந்து கனமாவது இன்னொரு படி. அதற்கு மேகத்துக்குப் போதுமான ஆழமும் நேரமும் வேண்டும்.

மலை என்ன செய்கிறது

தென்காசியின் வானிலையை எழுதுவது மேற்குத் தொடர்ச்சி மலையும் அதில் உள்ள ஓர் இடைவெளியும்.

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து கேரளத்துக்குள் நுழையும்போது நல்ல ஈரத்தோடு வருகிறது. மாதிரிக்கு வெப்பநிலை 29, பனிப்புள்ளி 25 என்று வையுங்கள். 4 × 125 = 500 மீட்டர். மலையோ ஆயிரம் மீட்டருக்கும் மேல். புனலூர்ப் பக்கத்திலிருந்து ஏறும் காற்று பாதி மலையிலேயே மேகமாகி, அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மேகமான பிறகு குளிரும் வேகம் குறையும், ஏனென்றால் நீராவி தண்ணீராகும்போது வெப்பத்தை வெளிவிடும். கிலோமீட்டருக்கு 4 முதல் 5 டிகிரிதான். 1500 மீட்டர் உச்சியில் அந்தக் காற்று 19.5 டிகிரி என்று வரும். தண்ணீரை மேற்கிலேயே இறக்கிவிட்ட காற்று, கிழக்குச் சரிவில் இறங்கும்போது கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடாகும். புறப்பட்ட அதே மட்டத்துக்கு இறங்கிச் சேரும்போது 34.5 டிகிரி. புறப்பட்ட இடத்தைவிட 5.5 டிகிரி அதிகம், ஈரமும் குறைவு. மழை மறைவுப் பகுதி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தது இதைத்தான். ஜூனில் திருநெல்வேலி காய்வதற்கும் இது ஒரு பெரிய காரணம்.

அப்படியானால் தென்காசியும் காய வேண்டுமே? காயாததற்குக் காரணம் ஆரியங்காவு கணவாய். கொல்லம் ரயில் பாதையும் சாலையும் மலையைத் தாண்டுவது இந்த வழியாகத்தான். காற்றும் இதே வழியைப் பிடித்துக்கொள்கிறது. உச்சி ஏறி இறங்காமல், இடைவெளி வழியே தாழ்வாக நுழைவதால் ஈரத்தை முழுதாக இழக்காமல் செங்கோட்டைக்குள் வருகிறது. குறுகலான இடத்தில் நுழைவதால் வேகமும் கூடுகிறது. ஆடியில் அம்மியைப் பறக்கவிடும் காற்று இந்தப் பக்கத்தில் கணவாய்க் காற்று.

சாரல் எப்படி வருகிறது என்று பார்ப்போம். மலை முகட்டில் அடர்ந்த மேகத்திலிருந்து சின்னத் துளிகளைக் காற்று இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. அரை மில்லிமீட்டர் துளி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விழும். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர 500 நொடி ஆகும். காற்று மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் என்றால், அந்தத் துளி தரையைத் தொடுவதற்குள் 5 கிலோமீட்டர் கிழக்கே போயிருக்கும். குற்றாலத்திலிருந்து தென்காசி ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். அதைவிடச் சின்னத் துளிகள் வழியிலேயே ஆவியாகிவிடும். முகட்டை ஒட்டியே இறங்கும் மேகத்திலிருந்து அடிவாரத்துக்கு எந்நேரமும் சாரல், தென்காசிக்குக் காற்று பலமாக வீசும்போது மட்டும் சாரல், ஆலங்குளத்துக்கு மேகத்தின் நிழலும் காற்றும் மட்டும் என்று அமைவது இந்தக் கணக்கால்தான். சாரல் மேகம் உயரமாக வளராதது; பனிக்கட்டி உண்டாகும் உயரத்தைத் தொடாது. அதனால் இடியும் மின்னலும் இல்லாமல் பெய்கிறது.

ஏப்ரல், மே மாதக் கோடை மழை வேறு வகை. அறிக்கையில் "வெப்பச்சலனம் காரணமாக" என்று வருவது இதற்குத்தான். காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும். 11 மணி வாக்கில் மலைக்கு மேலே சின்னச் சின்னப் பஞ்சுப்பொதிகள் எழும்; இவை திரள் மேகங்கள். மதியம் 2 மணிக்குள் அவை அகலத்தைவிட உயரத்தில் வளர்ந்து காலிஃபிளவர் மாதிரி புடைத்தால் மாலையில் இடி மழைக்கு வாய்ப்பு நல்லது. தலைப்பகுதி நார்நாராகி, பட்டறைக்கல் போலத் தட்டையாக விரிந்துவிட்டால் அது திரள் கார்முகில். உச்சி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும், மழை எங்கோ ஏற்கெனவே தொடங்கியிருக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 நொடிக்குள் இடி கேட்டால் வயலிலும் மொட்டைமாடியிலும் நிற்கக்கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை திரும்பிவிடும். காற்று கிழக்கிலிருந்து வரும். அப்போது தென்காசிப் பக்கம்தான் மலையின் காற்று முகம், அதாவது காற்று வந்து மோதும் பக்கம்.

அறிக்கை எப்படித் தயாராகிறது, எங்கே தடுமாறுகிறது

காலை 5.30, மாலை 5.30 என்று இந்திய நேரப்படி உலகம் முழுக்க ஒரே சமயத்தில் வானிலை பலூன்கள் பறக்கின்றன. அவையும், செயற்கைக்கோள், ரேடார், தரை நிலையங்கள், கப்பல்கள், விமானங்கள் தரும் அளவீடுகளும் கணினி மாதிரி (model) எனப்படும் கணக்கீட்டு நிரலுக்குள் போகின்றன. கணினி உலகைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, வெப்பம், ஈரம் எப்படி மாறும் என்று கணக்கிடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையில் பல ஆண்டுகளாக ஓடும் உலகளாவிய மாதிரியின் கட்டம் 12 கிலோமீட்டர் அகலம். 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் 6 கிலோமீட்டர்.

சின்ன ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 12 கிலோமீட்டர் கட்டத்துக்குள் குற்றால முகடும் தென்காசி ஊரும் ஒன்றாக அடங்கிவிடும். மலையின் உயரம் சராசரியாகி மழுங்கிவிடும். கணவாய் கிட்டத்தட்ட மூடிப்போகும். அந்தக் கட்டத்தின் எண்ணைத்தான் செயலி "தென்காசி" என்ற பெயரில் காட்டுகிறது. மே மாத மதியத்துக்கு உங்கள் செயலி 28 டிகிரிதான் என்று தொடர்ந்து சொன்னால், அது மலைக்கட்டத்தைப் படிக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஊரின் பெயரை மாற்றி, கிழக்கே பாவூர்சத்திரம், மேற்கே செங்கோட்டை என இரண்டையும் போட்டுப் பாருங்கள். உண்மை பெரும்பாலும் நடுவில் இருக்கும்.

அறிக்கையின் சொற்களுக்கு வரையறை உண்டு. பேச்சு வழக்கில் சொல்வதைப் போல அல்ல. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை. "ஒரு சில இடங்களில்" என்றால் கால்வாசிக்கு மேல், பாதி வரை. "லேசான மழை" 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர், "மிதமான மழை" 64.4 வரை. அதற்கு மேல் 115.5 வரை கனமழை, 204.4 வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. "லேசானது முதல் மிதமான" என்ற ஒரே தொடருக்குள் துணி நனையும் தூறலும் தெருவில் தண்ணீர் ஓடும் மழையும் இருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. எல்லாம் ஒரு நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரையிலான கணக்கு. அதனால் திங்கள் நள்ளிரவில் பெய்த மழை செவ்வாய்க் கணக்கில் பதிவாகும். முன்னறிவிப்பையும் பதிவையும் ஒப்பிடும்போது இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள்.

அதி கனமழை என்பது எந்த அளவுக்குப் போகும் என்பதைத் தென்மாவட்டங்கள் 2023 டிசம்பரில் பார்த்தன. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியால், டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. வடகிழக்குப் பருவத்தில் "குமரிக்கடல்", "சுழற்சி" ஆகிய இரண்டு சொற்களும் ஒரே வரியில் வந்தால் அந்த வாரம் அறிக்கையைத் தினமும் இரண்டு முறை பாருங்கள்.

செயலியில் வரும் "40 சதவீதம்" பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்க அளவுகளைச் சற்றே மாற்றி மாற்றி மாதிரியைப் பலமுறை ஓட்டுவார்கள். 50 ஓட்டங்களில் 20 மழை காட்டினால் 40 சதவீதம். நாளில் 40 சதவீத நேரம் பெய்யும் என்றோ, 40 சதவீத மழை என்றோ பொருள் கொள்ளக்கூடாது.

ஒரு வாரத்தைப் படித்துப் பார்ப்போம்

மாதிரிக்கு ஒரு ஜூன் வாரம். திங்கள், செவ்வாய்: மேற்குக் காற்று பலம், அதிகபட்சம் 31, லேசான மழை. புதன்: காற்று பலம், 30, மிதமான மழை. வியாழன், வெள்ளி: காற்று குறையும், 34, ஓரளவு மேகமூட்டம். சனி, ஞாயிறு: மழைக்கு 50 சதவீத வாய்ப்பு.

முதல் மூன்று நாட்களைத் தாராளமாக நம்பலாம். அதிலும் மழை என்ற சொல்லைவிடக் காற்றைப் பாருங்கள். மாதிரிகள் பெரும்பரப்பில் வீசும் காற்றை நன்றாகப் பிடிக்கும், சாரலைப் பிடிக்காது. சுமார் 1500 மீட்டர் உயரக் காற்று மேற்கிலிருந்து மணிக்கு 40, 50 கிலோமீட்டரில் வீசுகிறது, கேரளத்தின் கொல்லம், பத்தனம்திட்டா மாவட்டங்களுக்கு மழை எச்சரிக்கையும் இருக்கிறது என்றால், தென்காசிக்கு "லேசான மழை" என்று போட்டிருந்தாலும் அருவியில் தண்ணீர் கூடும், ஊரில் விட்டுவிட்டுச் சாரல் இருக்கும். புதன்கிழமை நெல், வற்றல், வடகம் எதையும் காயப்போடாதீர்கள்.

வியாழன், வெள்ளியில் வெப்பநிலை 34க்கு ஏறுகிறது, காற்று குறைகிறது. சாரல் ஓயும் அடையாளம். துணியும் தானியமும் காயவைக்க இந்த இரண்டு நாள்தான். காற்று தணிந்து வெயில் ஏறினால் மாலையில் மலையை ஒட்டி இடி மழைக்கு இடமுண்டு, ஆகையால் காயவைத்ததை 3 மணிக்குள் அள்ளிவிடுவது நல்லது. சனி, ஞாயிறு எண்களை இப்போதே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறாம், ஏழாம் நாளுக்குத் தரப்படும் 50 சதவீதம் என்பது "இன்னும் தெரியவில்லை" என்பதற்குச் சமம். வியாழன் காலை மறுபடி பாருங்கள்.

அதற்கு மேல் நம் கையில் இருக்கும் நல்ல கருவி மலைதான். காலை 7 மணிக்கு மேற்கே பாருங்கள். முகடு முழுக்கத் தெரிந்தால் அன்று சாரலுக்கு வாய்ப்புக் குறைவு. முகட்டில் மட்டும் வெள்ளைப் போர்வை கிடந்தால் மேற்குப் பக்கம் மழை, இங்கே காற்று. மேகம் பாதி மலைக்குக் கீழே இறங்கிச் சரிவு சாம்பல் நிறமாக மங்கினால் சாரல் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

வீட்டில் அளப்பது

நேர்ச்சுவர் உள்ள பாட்டில் ஒன்றின் மேல்பாகத்தை வெட்டி, தலைகீழாகப் புனல் போலச் செருகினால் மழைமானி தயார். அடிப்பாகம் வளைவாக இருக்கும் என்பதால் கூழாங்கல் போட்டு, சுவர் நேராகும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்ஜியம் என்று குறியுங்கள். அங்கிருந்து மில்லிமீட்டர் ஸ்கேல் ஒட்டலாம். தரையிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில், அருகிலுள்ள சுவர் அல்லது மரத்தின் உயரத்தைப்போல இரு மடங்கு தள்ளி வையுங்கள். கைப்பிடிச் சுவர் ஓரம் வைத்தால் சுழற்காற்று துளிகளை வெளியே தள்ளிவிடும். சாரல் நாட்களில் ஈரத்துணி காயவே காயாது, மானியோ 2 மில்லிமீட்டர்தான் காட்டும்; சாய்ந்து வரும் நுண்துளிகளை எந்த மானியும் குறைவாகத்தான் பிடிக்கும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 930 லிட்டர்.

பனிப்புள்ளிக்கு டம்ளரும் தெர்மாமீட்டரும் போதும். பளபளப்பான டம்ளரில் பாதி தண்ணீர் விட்டு, ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள். வெளிப்பக்கம் மங்கத் தொடங்கும்போது உள்ள வெப்பநிலையைக் குறியுங்கள். நிழலான வெளியிடத்தில் செய்யுங்கள். சமையலறையில் செய்தால் உலை நீராவியால் எண் கூடிவிடும், மூச்சுக்காற்று பட்டாலும் அப்படித்தான்.

அருவிக்குப் போகிறவர்களுக்கு

ஊருக்கான முன்னறிவிப்பு அருவிக்குப் பொருந்தாது. அருவிக்கு வரும் தண்ணீர் மேலே, மலைக்காட்டில் பெய்த மழை. கீழே வெயிலடிக்கும்போதே மேலே ஒரு திரள் கார்முகில் ஒரே மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டிவிடலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். அது சீசன் மாதம் அல்ல. கோடை மழைக் காலம். மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்குப் பிறகு மலைமேல் இருண்டிருந்தாலோ இடிச்சத்தம் கேட்டாலோ, ஊரில் ஒரு துளி விழாவிட்டாலும் அருவிக்கு அடியில் போகாதீர்கள். தெளிந்த தண்ணீர் கலங்கலாக மாறினால், இலையும் சுள்ளியும் வரத் தொடங்கினால், அருவியின் சத்தம் கனத்தால், செருப்பையும் துணியையும் தேடாமல் உடனே படியேறிவிடுங்கள்.